எலுவன்குளத்தில் ஐந்தாம் தந்தி

புத்தளம் வரை செல்வோர் பலர். அதற்கு வடக்கே செல்வோர் சிலர். கற்பிட்டிக்குப் போகிறவர்கள் நகரை அடையுமுன்னரே பாலாவியில் மேற்கே திரும்பிவிடுவர். அநுராதபுரத்துக்குப் போகிறவர்கள் நகரிலிருந்து கிழக்கே சென்றுவிடுவர். எஞ்சிய பழைய மன்னார் வீதியோ, மரமுந்திரிகைத் தோட்டங்களையும் வண்ணாத்திவில்லுவையும் கடந்து, ஏறக்குறைய முப்பது கிலோமீற்றரில் எலுவன்குளம் என்னும் கிராமத்தை அடைந்து, அப்பால் கலா ஓயாவைத் தாண்டி வில்பத்துக் காட்டினுள் புகுந்து மறைந்துவிடுகிறது. சென்ற மார்கழி விடுமுறையில் நான்கு நாட்களை அக்கிராமத்திலே கழிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. காடு பார்க்கவும் ஆறு பார்க்கவுமே சென்றோம். ஆனால் அந்நான்கு நாட்களிலும் நாம் அதிகமாகப் பார்த்தது ஒரு கிற்றாரின் கழுத்தையேயாகும். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும்.

எம்மை அழைத்தவர், சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிலே பௌதிகம் கற்ற ஒரு மாணவர். இருபத்திரண்டு வயதிருக்கும். பகலில் பெரியப்பாவுடன் படகு வேலை. இரவில், கலியாணம் உள்ள நாட்களில், பெரியப்பாவின் இசைக்குழுவிலே பேஸ் கிற்றார் வாசிப்பு. அவருடைய தந்தையார் நான்கு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலிற் காலமானவர். அவ்வாத்தியம் அவருடையதே. இவ்வளவும் எமக்கு முன்னரே தெரியும். தெரியாதது, நாம் போய்ச் சேர்ந்த தினம் அவ்வீட்டில் அந்த வாத்தியத்தின் பேரிலேயே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது என்பது.

வழக்குக்கு முன் ஆற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டிலே கட்டுவித்த கலா வாவியின் நீரைச் சுமந்து வரும் கலா ஓயா, எலுவன்குளத்தை அடைந்ததும் தன் பிரயாணம் முடியப்போவதை உணர்ந்ததுபோல வேகம் தளர்ந்து, கங்கேவாடிப் பக்கமாகக் கண்டற் காடுகளினூடே பரந்து கடனீரேரியிற் கலக்கின்றது. இலங்கையில் எஞ்சியிருக்கும் பெரிய கண்டற் காடுகளுள் இதுவும் ஒன்று. ஆற்றைக் கடக்க ஒரு சப்பாத்துப் பாலம் உண்டு. மழை பெய்தால் பாலம் நீரின் கீழே போய்விடும். அக்கரைக்குப் போகவேண்டியவர்கள் கரையில் நின்று நீர் இறங்குவதைப் பார்த்திருப்பர். நாம் போன தினமும் முழங்காலளவு நீர் பாலத்தின் மேலால் ஓடியது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்த தாழிகள் கிடைத்த பொம்பரிப்பைப் பார்க்கும் எம் ஆசை அங்கேயே முடிந்தது. 1938இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வில்பத்துவை அக்கரை மரங்களின் நுனியளவில் மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பெரியப்பாவின் முற்றத்திலே இரண்டு கண்ணாடியிழைப் படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பாறையிலும் பாரிலும் மோதி அடிப்பகுதி கிழிந்த படகுகளை இவர் இழைத் துணியும் பிசினும் கொண்டு ஒட்டித் திருத்துகிறார். அவ்விரு படகுகளுக்கும் நடுவே, ஒரு மரக்குற்றியின்மேல் பழைய சாக்கு விரித்து, அதன்மேல் கிற்றார் கிடந்தது. தந்திகள் கழற்றப்பட்டிருந்தன. பக்கத்திலே கொழும்பிலிருந்து வரவழைத்த ஐந்து தந்திக் குதிரையொன்று காகிதம் பிரிக்கப்படாமல் இருந்தது. (வீணைக்காரரின் சொற்களையே இங்கு எடுத்தாள்கிறோம்: தந்தி தாங்கும் கட்டை குதிரை, சுரம் பிடிக்கும் உலோகக் கோடுகள் மெட்டு, முறுக்கும் ஆணி பிருடை, தலைப்பக்கத்தில் தந்தி படிந்து செல்லும் சிறு கட்டை மேரு. இளைஞர்கள் வேறு பெயர் சொல்வார்கள், பொருள் ஒன்றே.)

"நாலு தந்தி வாத்தியத்தில் ஐந்தாவது எதற்கு?" என்று கேட்டோம்.

"பெரியப்பாவுக்குச் சுருதி இறங்கிப் போச்சு, சேர். அதுதான்" என்றார் மாணவர்.

பெரியப்பா அப்பாலே பிசின் கலக்கிக்கொண்டிருந்தார். கேட்காதவர்போல் இருந்தார்.

இதனைச் சற்று விளக்கவேண்டும். பைலா என்பது எமது கரையோரத்தின் பழைய செல்வம். போர்த்துக்கேயர் காலத்து ஆட்டத்தோடும், புத்தளத்தை அடுத்த சிரம்பியடியிலே இன்றும் வாழும் ஆபிரிக்க வம்சத்தாரின் மாஞ்சாப் பாட்டோடும் அதற்கு உறவுண்டு. பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வாலி பஸ்தியன் அதனை ஆறு-எட்டுத் தாளத்திலே மேடைக்குக் கொண்டுவந்தார். ஏ. ஈ. மனோகரன் போன்றோர் அதன் துள்ளலைத் தமிழ்ப் பொப் பாடல்களுக்குள் இழுத்து வந்தனர். அத்துள்ளலுக்கு அத்திவாரம் பேஸ் கிற்றார். பாடகர் எங்கே போனாலும் அவருடைய ஆதார ஷட்ஜத்தை அடியிலே நிறுத்திக் காட்டுவது அதன் கடமை.

பெரியப்பா தம் நல்ல காலத்திலே மூன்று கட்டைச் சுருதியிற் பாடியவர். மேனாட்டுக் கணக்கில் அது 'ஈ' சுரம். பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தியும் 'ஈ' சுரத்துக்கே கூட்டப்படுவது. எனவே அவர் வாய் திறந்தால், தம்பியார் ஒரு மெட்டையும் அழுத்தாமல் திறந்த தந்தியை மீட்டினாலே போதும், வீடு அதிரும். இப்போது அறுபதைத் தாண்டிய பெரியப்பா ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டார். ஒரு கட்டை 'சீ'. அதன் அடி ஷட்ஜம் நாலு தந்தியில் இல்லை. அடுத்த தந்தியின் மூன்றாம் மெட்டிலே ஒரு ஸ்தாயி மேலேதான் கிடைக்கும். பாட்டு நடக்கும், ஆனால் தரையில்லாத வீடுபோல நடக்கும். ஐந்தாவதாக 'பீ' சுரத்துக்கு ஒரு தந்தி போட்டால், அதன் முதலாம் மெட்டே அந்தச் 'சீ'. இழந்த தரை திரும்ப வந்துவிடும்.

நாம் ஆசிரியர் ஆதலால் உடனே ஒரு யோசனை சொன்னோம். துளைப்பானேன்? ஈ தந்தியையே தளர்த்தி இறக்கினால் என்ன? சொல்லும்போதே அது நடவாது என்பது எமக்கு நினைவுக்கு வந்தது. தந்தியின் அதிர்வெண் அதன் நீளத்தையும், இழுவிசையின் வர்க்கமூலத்தையும், கனத்தையும் பொறுத்தது என்பதை மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1636இல் நூலாக எழுதி வைத்தார். உயர்தர வகுப்பு மாணவர் எவரும் அறிவர். ஈ தந்தியின் அதிர்வெண் செக்கனுக்கு 41. பீ தந்திக்கு 31. நாலுக்கு மூன்று என்ற விகிதம். அப்படியானால் இழுவிசை பதினாறில் ஒன்பது பங்காகக் குறையவேண்டும். பாதிக்குக் கிட்ட இறங்கிய தந்தி கொடிக்கயிறு போலத் தொங்கி மெட்டுகளில் அடிக்கும், சுரம் பேசாது. வேறு தடித்த தந்தியே வேண்டும்.

"சரி, நாலும் தடித்த தந்தியாகப் போட்டு, பீ, ஈ, ஏ, டீ என்று ஒவ்வொரு படி இறக்கிக் கூட்டினால்? மேருவின் பள்ளங்களைக் கொஞ்சம் அகட்டினாற் போதுமே. ஒரு துளையும் வேண்டாம்" என்றோம். இது உண்மையிலே பலர் கையாளும் முறைதான். எமக்கு எம் புத்தியின்மேல் கொஞ்சம் பெருமையும் உண்டாயிற்று.

மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப மேல் தந்தி போயிடும், சேர்" என்றார். "அப்பாட பிடியெல்லாம் அதிலதான்."

பாட்டின் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே, ஆறு-எட்டுத் தாளம் திரும்பும் இடத்தில், மெல்லிய மேல் தந்தியிலே தாவி இறங்கும் சில பிடிகளைத் தந்தையார் வழக்கமாக வாசிப்பாராம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அந்தப் பிடிகளைக் கேட்டே குழுவை அடையாளம் காண்பவர்கள் உண்டாம். மகன் வேறெதையும் அவரிடம் முறையாகக் கற்கவில்லை. அவற்றை மாத்திரம் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். பெரியப்பாவின் குரலுக்குக் கீழ்த்தந்தி வேண்டும். அப்பாவின் கைக்கு மேல்தந்தி வேண்டும். ஆகையினால் ஐந்து. நாம் வாயை மூடிக்கொண்டோம்.

ஆனால் வழக்கு அதுவன்று. பெரியப்பாவே துளையிட அஞ்சினார். சனிக்கிழமை புத்தளத்தில் ஒரு கலியாணம், முற்பணம் வாங்கியாயிற்று, அப்பணமே குதிரையாகவும் தந்தியாகவும் சாக்கின்மேல் கிடந்தது. வேறு பேஸ் கிற்றார் குழுவில் இல்லை. தலைப்பகுதி பிளந்தால் கலியாணம் போயிற்று. கலியாணம் போனாற் போகட்டும்; தம்பியின் வாத்தியம் போயிற்று. "படகு உடைஞ்சா ஒட்டலாம். இதை உடைச்சுப்போட்டு இவளிட முகத்தில எப்படி முழிக்கிறது?" என்று எம்மிடம் மெல்லக் கேட்டார்.

இவள் என்றது மாணவரின் தாயாரை. அவர் அடுக்களை வாசலிலே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக இவ்விஷயத்தைப் பற்றி எவரும் அவரிடம் நேரே கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகன் கேட்டால் பெரியப்பாவைக் கேள் என்பார். பெரியப்பாவோ அவளைக் கேள் என்பார். அந்நியரான நாம் இருந்தது ஒருவகையில் உதவியாயிற்று. எமக்குத் தேநீர் கொண்டுவந்தபோது, "தங்கச்சி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டோம்.

அவர் கிற்றாரைப் புரட்டி அதன் முதுகைக் காட்டினார். உடலின் மேல்விளிம்பிலே ஒரு சாண் நீளத்துக்கு மரம் வெட்டப்பட்டு, படகுப் பிசினால் மூடி வர்ணம் பூசப்பட்டிருந்தது. கீழே இன்னோர் ஒட்டு. "அவர் இருக்கேக்க ரெண்டு தரம் இதை வெட்டினவர். தோளில உரசுதாம். அப்ப ஒருத்தரும் என்னைக் கேக்கேல்ல" என்றார். கோப்பைகளை எடுத்துக்கொண்டு போகையில், "சனிக்கிழமைக்கு முன்ன முடியுங்கோ" என்று பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அன்று பிற்பகலே வேலை ஆரம்பமாயிற்று.

தலைப்பகுதியில் நாலு பிருடைகளும் மேற்புற விளிம்பிலே வரிசையாக இருந்தன. ஐந்தாவதை எதிர்ப்புறத்தில், மேருவுக்குச் சமீபமாக வைக்கவேண்டும். அங்கே மரம் ஒடுக்கம். பெரியப்பா ஒரு பழைய கதவு நிலையிலிருந்து அறுத்த முதிரைத் துண்டை அவ்விளிம்பின் வளைவுக்கு ஏற்றபடி இழைத்து, பிசின் தடவி, ஒட்டி, இரும்புக் கவ்வியால் இறுக்கினார். படகுக்கு வேண்டுவதிலும் குறைவாகவே வன்மையூட்டி கலந்தார். விரைந்து இறுகும் பிசின் நொருங்கும் என்பது அவர் அனுபவம். மாரிக்கால ஈரத்தில் அது இறுகுவதற்கு மறுநாட் காலையாயிற்று. பிறகு கைத்துளைகருவியால் முதலில் ஊசியளவு துளை, அதனைப் பின்பற்றிச் சற்றுப் பெரிது, பின் அதனிலும் பெரிது என்று ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் மறுபக்கத்தில் நுனி எட்டிப் பார்த்தவுடன் நிறுத்தி, வாத்தியத்தைப் புரட்டி, அப்பக்கத்திலிருந்து துளைத்தார். இப்படிச் செய்யாவிடின் வெளியேறும் இடத்தில் மரம் சிம்பாகப் பெயர்ந்துவிடும். மாணவர் தலைப்பகுதியை இரு கைகளாலும் பிடித்திருந்தார். தாயார் கிணற்றடிக்குப் போய்விட்டார். ஒரு குடத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்ததை நாம் கவனியாமலில்லை.

மரம் பிளக்கவில்லை.

அடுத்தது மேரு. கழுத்து அவ்விடத்தில் 42 மில்லிமீற்றர் அகலம். ஓரங்களுக்கு மூன்றரை மூன்றரை விட்டால் எஞ்சுவது 35. நாலு தந்திக்கு மூன்று இடைவெளி. ஒவ்வொன்றும் பதினொன்றரைக்கு மேல். ஐந்து தந்திக்கு நாலு இடைவெளி. ஒவ்வொன்றும் ஒன்பதுக்குக் கீழ். விரல் தடித்தவர்க்கு இது சிரமமே. ஐந்து தந்திக்கென்றே செய்யப்படும் வாத்தியங்களில் கழுத்தை அகலமாக விடுவது இதனாற்றான். குதிரையிலும் அவ்வாறே: பத்தொன்பதாயிருந்த இடைவெளி பதினாலு சொச்சமாயிற்று. எலும்புத் துண்டொன்றிலே புதிய மேருவுக்குப் பள்ளம் தோண்ட, பெரியப்பா பழைய தந்திகளையே அரமாக உபயோகித்தார். சுற்றுக்கம்பி சுற்றிய தந்தியை முன்னும் பின்னும் இழுத்தால் அது தன் பருமனுக்குச் சரியான பள்ளத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். இந்த யுக்தியை எந்தப் பாடப்புத்தகத்திலும் நாம் படித்ததில்லை.

பழைய குதிரையின் ஆணித் துளைகளை அடைத்த பிசின் இறுகும்வரை இரண்டாம் நாளிரவு ஓய்ந்திருந்தோம். அப்போது மாணவர், "இப்படி வேற ஆக்களும் செய்திருக்கினமா, சேர்?" என்று கேட்டார். செய்தவர்கள் பலர். லியோ பெண்டர் என்னும் அமெரிக்கர் 1951இல் தம் நாலு தந்தி பேஸ் கிற்றாரை விற்பனைக்கு விட்டார். 1965இல் அவருடைய தொழிற்சாலையே ஐந்து தந்தி வாத்தியமொன்றை வெளியிட்டது. ஆனால் ஐந்தாவதை மேலே சேர்த்தார்கள், கீழே அன்று. அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1975இல் அந்தனி ஜாக்சன் என்ற வாத்தியக்காரர் கார்ல் தொம்சன் என்ற சிற்பியைக் கொண்டு கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக ஆறு தந்தி வாத்தியம் செய்வித்தார். கீழ்ப் 'பீ' தந்தி அவ்வழியாகவே பரவலாயிற்று. ஐரோப்பியப் பெருவாத்தியக் குழுக்களில் நின்று வாசிக்கும் பெரிய பேஸ் வயலினுக்கு ஐந்தாம் தந்தி அதற்கும் முன்னரே உண்டு.

இதை விட எம்மவர் கதைகளே மாணவருக்குப் பிடித்தன. மைசூர் சௌடையா, ஒலிபெருக்கி பரவாத காலத்தில் தம் வயலின் பின்வரிசை வரை கேட்கவேண்டுமென்று மூன்று தந்திகளை இரட்டிப்பாக்கி ஏழு தந்தி வயலின் வாசித்தார். பின்னர் பத்தொன்பது தந்தி வரையும் போனார். பெங்களூரிலே 1980இல் அவர் நினைவாகக் கட்டப்பட்ட மண்டபம் வயலின் உருவிலேயே நிற்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவதொன்றைச் சேர்த்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்த வி. லக்ஷ்மிநாராயணாவின் மகன் எல். சங்கர், சிறுவயதை யாழ்ப்பாணத்திலே கழித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தோடு அக்குடும்பம் இந்நாட்டை விட்டுச் சென்றது. அவர் 1980இல் கென் பார்க்கர் என்ற கிற்றார் சிற்பியைக் கொண்டு இரு கழுத்தும் பத்துத் தந்தியும் கொண்ட இரட்டை வயலினைச் செய்வித்து, பேஸ் முதல் வயலின் வரையான ஸ்தாயிகளையெல்லாம் ஒரே வாத்தியத்தில் அடக்கினார்.

"யாழ்ப்பாணத்து ஆளோ?" என்று இருட்டிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. அவர் தூங்கிவிட்டார் என்றே எண்ணியிருந்தோம். எந்தத் தந்தி எந்தக் கழுத்தில் என்று விசாரித்தார். மேல்கழுத்தில் வயலினும் வியோலாவும், கீழ்க்கழுத்தில் செலோவும் பேஸும் என்றோம். "அப்ப ரெண்டு கழுத்து. பாரம் பிரிஞ்சு போகும். கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். பௌதிக ஆசிரியரான எமக்கு அதுவரை தோன்றாத விஷயம் அது.

பாரம் என்று அவர் சொன்னது மூன்றாம் நாள் கண்ணுக்குத் தெரிந்தது. நாலு தந்திகளும் சேர்ந்து ஒரு பேஸ் கிற்றாரின் கழுத்தை எழுபது எண்பது கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. ஒரு வளர்ந்த மனிதன் கழுத்திலே தொங்குவது போல. ஐந்தாவது தந்தி மேலும் பதினைந்து பதினாறு கிலோவைச் சேர்க்கும். மனிதன் தோளில் ஒரு சிறுபிள்ளையையும் ஏற்றிக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் ஐந்தையும் பூட்டிச் சுருதி கூட்டினார்கள். முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்திப் பிடித்தால், நடுவிலே தந்திக்கும் மெட்டுக்கும் இடையில் ஒரு தபாலட்டை நுழையுமளவு வெளி இருப்பது வழக்கம். நண்பகலுக்குள் நாணயமொன்றே நுழைந்தது. கழுத்து முன்னோக்கி வளைந்துவிட்டது.

மாணவரின் முகம் வாடிப்போயிற்று. கழுத்தினுள்ளே மறைவாக ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது; அதனை இறுக்கினால் கழுத்து பின்னோக்கி நிமிரும். அவர் அதனை ஒரேயடியாக இறுக்கப் போனார். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "காற் சுத்து. பிறகு விடு. மரம் யோசிக்கட்டும்." காற்சுற்று இறுக்கி, தேநீர் குடித்து, ஒரு படகின் அடியைத் தேய்த்து, பிறகு இன்னொரு காற்சுற்று. மாலைக்குள் மூன்று காற்சுற்று. கழுத்து மெல்ல மெல்லத் திரும்ப நிமிர்ந்தது. முழுவதும் அன்று, ஆயினும் வாசிக்கப் போதுமான அளவு.

இரவு எட்டு மணிக்கு ஒலிபெருக்கிப் பெட்டியிலே தொடுத்தார்கள். முதலில் ஒரு குறை வெளிப்பட்டது. இவ்வாத்தியத்தில் தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் காந்தச் சுருள் இரு துண்டுகளாக, இரண்டிரண்டு தந்திக்கு ஒன்றாக அமைந்தது. ஐந்து தந்தியில் நடுத்தந்தி அவ்விரு துண்டுகளுக்கும் இடையிலே அகப்பட்டுக்கொண்டு, சபையில் இடம் கிடையாதவன்போல மெல்லிய குரலிற் பேசிற்று. குதிரையிலே அதனை ஒரு மில்லிமீற்றர் ஒதுக்கிப் பார்த்தார்கள், கொஞ்சம் தேறிற்று. முற்றாகத் தீரவில்லை. புதிய சுருள் வாங்கப் பணமில்லை. "அந்தத் தந்தியைக் கொஞ்சம் பலமாக இழு" என்பதே பெரியப்பாவின் தீர்ப்பு.

பிறகு பெரியப்பா முற்றத்துப் படகொன்றின்மேல் உட்கார்ந்து ஒரு கட்டையிலே பாடத் தொடங்கினார். பழைய பைலாதான். முதலடி முடிந்து ஷட்ஜத்துக்கு வந்தபோது மாணவர் ஐந்தாம் தந்தியின் முதலாம் மெட்டை அழுத்தி மீட்டினார்.

உண்மையைச் சொன்னால் அச்சுரம் காதிலே கேட்டது என்பதைவிட உட்கார்ந்திருந்த பலகையிலே தெரிந்தது என்பதே சரி. செக்கனுக்கு ஏறக்குறைய 33 அதிர்வு. அச்சிறிய பெட்டி அதனை முழுமையாக எழுப்ப வல்லதன்று. அதன் மேற்சுரங்களையே எழுப்பும். மேற்சுரங்களைக் கேட்டு அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் ஆற்றல் மனிதச் செவிக்கு உண்டு. அடுக்களைக் கூரையின் தகரம் கிடுகிடுத்தது. அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகள் வேலியருகே வந்து நின்றனர். திரும்புமிடத்திலே மாணவரின் கை மேல்தந்திக்குத் தாவி, அந்தப் பிடியை வாசித்து இறங்கிற்று. பெரியப்பா ஓர் அடியைப் பாட மறந்துபோனார். பிறகு சேர்ந்துகொண்டார்.

தாயார் அடுக்களைக்குள்ளேயே இருந்தார். பாட்டு முடிந்து வெகுநேரம் விளக்கு அணையவில்லை.

ஆற்றுக்கு அப்பால், காட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு யானை வெடி கேட்டது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு யானை வருவது அங்கே புதிதன்று. "சேர், யானைக்கு இது கேட்குமோ?" என்று பிள்ளைகளில் ஒருவன் தமிழிலே கேட்டான். நல்ல கேள்வி. 1984இல் கேட்டி பேய்ன் என்ற ஆராய்ச்சியாளர், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர விலங்குச்சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காதுக்குக் கேளாத ஏதோ காற்றில் அதிர்வதை உணர்ந்தார். ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்ததில், செக்கனுக்கு 14 முதல் 24 வரையான அதிர்வுகளில் யானைகள் ஒன்றையொன்று அழைப்பது தெரியவந்தது. எமது ஐந்தாம் தந்தி அதற்குச் சற்று மேலே நிற்கிறது. எனவே யானைக்கு இது நன்றாகவே கேட்கும். ஆனால் அதன் பாஷையில் கொஞ்சம் உச்ச ஸ்தாயியாகத் தோன்றக்கூடும் என்றோம். பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். குரல் இறங்கிப்போனதைப் பற்றி அவர் சிரித்ததை நாம் கண்டது அன்றொரு நாளே.

வெள்ளிக்கிழமை காலை நாம் புறப்படவேண்டியிருந்தது. ஆற்று நீர் அன்றுதான் இறங்கி, சப்பாத்துப் பாலத்தின் முதுகு ஈரத்தோடு வெளியே தெரிந்தது. காட்டுக்குப் போகாமலே திரும்பினோம். கலியாணத்தைப் பார்க்கும் கொடுப்பினையும் எமக்கில்லை.

மறுவாரம் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். கலியாணம் நன்றாக நடந்ததாம். நடுத்தந்தி இரண்டொரு பாட்டிலே காலை வாரிவிட்டதாம். தலைப்பகுதியில் ஒட்டிய முதிரைத் துண்டு அசையவில்லை. கழுத்துக்கு இன்னும் ஒரு காற்சுற்று தேவைப்பட்டது. இப்போது வாசித்து முடிந்ததும் ஐந்தாம் தந்தியை மாத்திரம் தளர்த்தி வைக்கிறாராம், மரத்துக்கு இரவில் ஓய்வு கிடைக்கட்டும் என்று.

"அது நல்ல பழக்கம். மறந்துவிடாதே" என்றோம்.

"மறக்க விடமாட்டா, சேர். எத்தனை மணிக்கு வந்தாலும் எழும்பி, அஞ்சாவதைத் தளர்த்தினியோ என்டு அம்மா கேட்டுட்டுத்தான் படுக்கிறவ."